மதிய மாத்திரை

குளியலறைத் தரையைப் பெரியவரே தேய்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வரும் பெண் முந்தின நாள்தான் அதைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போயிருந்தாள். "வழுக்குது வழுக்குதுன்னு சொல்றீங்க, இதுல எறும்பு ஓடினாக்கூட பிரேக் பிடிக்கும் மாமா" என்று சான்றிதழும் கொடுத்திருந்தாள். இருந்தாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. போன வாரம் இங்கேதான் விழுந்தார். தரை வழுக்கிவிட்டது என்று மகளிடம் சொல்லியாயிற்று. பழியைப் போட்டுவிட்டுத் தண்டனை கொடுக்காமல் இருந்தால் எப்படி? முக்காலியில் உட்கார்ந்து, நீளப் பிடி வைத்த பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தேய்த்தார். உண்மையில் தரையின்மேல் ஒரு குற்றமும் இல்லை. தலைதான் சுற்றியது. தலை சுற்றியது என்று சொன்னால் மகள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். தரை வழுக்கியது என்றால் விஷயம் பிரஷ்ஷோடு போய்விடும்.

கூடத்தில் போன் அடித்தது. பிரஷ்ஷைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, மேஜையைப் பிடித்து, ஒருவழியாகப் போனைப் பிடித்தார்.

"அப்பா, மதிய மாத்திரை போட்டாச்சா?"

"இதோ, கையில எடுத்துட்டேன் பாப்பா."

"சாப்பிட்டுத்தானே?"

"சாப்பிட்டுத்தான். எதிர்வீட்டுல புதுசா ஒரு நாய் வந்திருக்கு. தெருவுல போற எல்லாரையும் பாத்துக் குரைக்குது, என்னை மட்டும் விட்டுடுது."

"ஏனாம்?"

"இந்த ஆள்கிட்ட திருடறதுக்கும் ஒண்ணுமில்ல, கடிக்கறதுக்கும் ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுக்கிச்சு போல."

அவள் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "சரிப்பா, வெச்சிடறேன். சாயங்காலம் கூப்பிடறேன்."

அவ்வளவுதான். அரை நிமிடம் இருந்தால் அதிகம். ஆனால் அந்த அரை நிமிடத்துக்குள் ஒரு நாயையும் ஒரு சிரிப்பையும் நுழைத்துவிட்டார். அது தொழில் கொடுத்த சாமர்த்தியம். வேலைக்காலம் முழுவதும் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர் அவர். தரைத்தளத்தில் ஏறுகிறவர் ஐந்தாவது மாடியில் இறங்குவதற்குள் அவர் முகம் பார்த்து, ஒரு வார்த்தை கேட்டு, பதில் வாங்கி, கதவு திறக்கும்போது சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார். யாரோடும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியதில்லை. அது வரவும் வராது. பெண் பார்க்கப் போனபோதுகூட மாமனார் கேட்ட நாலு கேள்விக்கு நாலே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, அடுத்த ஆள் ஏறுவதற்குக் காத்திருப்பவர்போல வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். மனைவி இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வாள்.

மனைவி காலமான வருஷத்தில் மாத்திரைகளை அவர் கன்னாபின்னாவென்று விழுங்கினார். காலையில் போடவேண்டியது இரவில், இரவில் போடவேண்டியது நினைவு வந்தபோது. வேறு ஊரில் குடும்பமும் உத்தியோகமுமாக இருந்த மகள் ஓர் ஏற்பாடு செய்தாள். வேளைக்கு ஒரு போன். எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, மதியம், சாயங்காலம், படுக்கப் போகுமுன் என்று மாத்திரைக்கு எத்தனை வேளையோ அத்தனை போன். அலுவலகத்தில் கூட்டம் நடந்தாலும், பேருந்தில் நின்றுகொண்டிருந்தாலும், பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாலும் அவள் தவறியதில்லை. பெரியவரும் அந்த வேளைகளுக்கு நடுவே தன் நாளைக் கட்டிவைத்தார். மதிய போனுக்கு ஒரு சமாச்சாரம் வேண்டும் என்பதற்காகவே காலையில் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார்.

தரையைத் தேய்த்த மூன்றாம் நாள் அவர் மறுபடி தலை சுற்றி, இந்தத் தடவை கூடத்துச் சுவரில் சாய்ந்தார். கூடத்துத் தரை வழுக்கியது என்று சொன்னால் நாய்கூட நம்பாது. எதிர்வீட்டு அம்மாள் தன் கையோடு அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

சின்ன மருத்துவமனைதான். முதியவர்களைப் பார்ப்பதற்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாளுக்கு அங்கே 'பை கொட்டும் நாள்' என்று பெயர். வருகிற பெரியவர்கள் வீட்டிலுள்ள மாத்திரை, மருந்து, களிம்பு, பக்கத்துவீட்டுக்காரர் கொடுத்த பொடி எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு வந்து ஒரு நீள மேஜைமேல் கொட்டவேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, இந்தப் பக்கம் மருந்தாளுநர். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவாள், பேசும்போது கை நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். மருந்தாளுநர் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கனத்த உடம்பு, நெற்றிக்கு மேலே ஏற்றிய கண்ணாடி. கூட்டவே தெரியாத மனுஷன் என்று நோயாளிகள் அவருக்குக் 'கழித்தல் வாத்தியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் தலையாட்டாமல் அந்தம்மா எழுதமாட்டாள். அந்தம்மா தலையாட்டாமல் அவர் ஒரு மாத்திரையைக்கூட ஒதுக்கமாட்டார். இரண்டு பேரும் ஒரே சமையலறையில் மாட்டிக்கொண்ட நாத்தனாரும் அண்ணியும்போல் நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

பெரியவர் பையைக் கவிழ்த்தார். அட்டைகள் சரிந்து மேஜையின் ஓரம்வரை ஓடின.

"பெரியவரே, இது என்ன பையா, மளிகைக் கடையா?" என்றார் வாத்தியார்.

"எல்லாம் டாக்டருங்க குடுத்ததுதான் தம்பி. நானா வாங்கினது பை ஒண்ணுதான்."

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். பிறகு நிற்கவைத்துப் பார்த்தாள். "நிக்கும்போது எப்படி இறங்குது பாருங்க" என்றாள். வாத்தியார் இரண்டு அட்டைகளைப் பொறுக்கி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது யார் குடுத்தது?"

"நெஞ்சு டாக்டர். காலையில போடச் சொன்னார்."

"இது?"

"அவருக்கு முன்னாடி பாத்த டாக்டர். மதியத்துக்கு."

"பேருதான் வேற வேற. உள்ள இருக்கற மருந்து ஒண்ணேதான். ஒரே ஆளு சட்டையை மாத்திக்கிட்டு உங்க வீட்டுக்கு ரெண்டு தடவை வந்திருக்கான். நீங்களும் பாவம், ரெண்டு பேருன்னு நெனச்சு ரெண்டு இலை போட்டிருக்கீங்க."

டாக்டரம்மா குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்தினாள். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. "கால் வீக்கம் இந்த ரெட்டை டோஸால வந்தது ஐயா. வீக்கத்துக்குன்னு நீர் பிரியற மாத்திரை குடுத்திருக்காங்க. அது பிரஷரை இன்னும் இறக்குது. தலை சுத்துது. தலை சுத்தலுக்கு இன்னொரு மாத்திரை."

"அதுல வயிறு எரியும். அதுக்கு இதோ, இந்த ரோஸ் கலர்" என்றார் வாத்தியார். "வம்சம் நல்லா விருத்தியாகியிருக்கு டாக்டர். பேரன் பேத்தியெல்லாம் எடுத்தாச்சு."

பெரியவர் சிரித்தார். ஏறி இறங்குவதற்குள் முடிந்துவிடும் பேச்சு. இந்த மாதிரிப் பேச்சுத்தான் அவருக்குப் பிடிக்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தவில்லை. சில வாரங்கள் பிடித்தன. டாக்டரம்மா ஒன்றை நிறுத்துவாள். வாத்தியார் இடையில் போன் செய்து கால் எப்படி, தூக்கம் எப்படி என்று விசாரிப்பார். பிறகு இருவரும் சண்டை போட்டு அடுத்ததை நிறுத்துவார்கள். நிறுத்திய மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, மருத்துவமனையில் வாங்கி அழித்துவிடுவார்கள் என்பது சட்டம். பெரியவரும் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசியில் மிஞ்சியது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிற மாத்திரை மட்டும்.

அன்றைக்கு அவர் எதிரிலேயே வாத்தியார் மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விவரமாகச் சொன்னார். இனி காலை ஒரு வேளைதான், மற்றதெல்லாம் நின்றுவிட்டது, அப்பா தைரியமாக நடக்கலாம்.

"அப்பாடா!" என்றாள் மகள். "ரொம்ப தேங்க்ஸ் சார். இவ்வளவு மாத்திரைக்கு நடுவுல நானும் திண்டாடிட்டு இருந்தேன். ஒவ்வொரு வேளையும் ஞாபகம் வெச்சு, ஓடி ஓடிப் போய் போன் பண்ணி... அப்பாடா!"

அந்த 'அப்பாடா'வை அவள் சந்தோஷத்தில்தான் சொன்னாள். அது அவருக்கும் தெரியும். டாக்டரம்மாவுக்குக் கும்பிடு போட்டார், வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நடை திடமாக இருந்தது. வழியில் ஓர் இடத்தில்கூட எதையும் பிடிக்கவேண்டியிருக்கவில்லை.

காலையில் போன் வந்தது. போட்டாச்சா, போட்டாச்சு. மதியம் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் இருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போனை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. எதிர்வீட்டு நாய் அன்றைக்குத் தபால்காரரின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தது, அருமையான சமாச்சாரம். அதை மறுநாள் காலைவரை வைத்திருந்தார். ஆனால் காலை போனில் அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தாள். நாயைச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னபோது அது ஆறிப்போயிருந்தது. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

உடம்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. கால் வீக்கம் வடிந்து பழைய செருப்பு பொருந்தியது. இரவு ஒரே மூச்சாகத் தூங்கினார். பகல்தான் நகராமல் கிடந்தது. ஒன்றும் தோன்றாமல் துவைத்த துணியையே மறுபடி துவைத்தார். ஒரு நாள் மதியம் பொறுக்கமுடியாமல் அவரே மகளைக் கூப்பிட்டார். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"என்னப்பா? என்னாச்சு? விழுந்துட்டீங்களா?"

"இல்ல பாப்பா, சும்மாதான்..."

"சும்மாவா? உங்க நம்பரைப் பாத்ததும் எனக்கு உயிரே இல்லப்பா. கூட்டத்துல எல்லாரும் பாக்கறாங்க. ஒண்ணுமில்லையே? நிஜமா ஒண்ணுமில்லையே? சரி, வைங்க. காலையில பேசறேன்."

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அவளை அப்படிப் பயமுறுத்திவிட்டோமே என்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

அந்த அட்டையை அவர் வேண்டுமென்று ஒளித்துவைக்கவில்லை. மழைக்காலத்துச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து உதறியபோது பையிலிருந்து விழுந்தது. பழைய மதிய மாத்திரை, பாதிக்குமேல் மீதி இருந்தது. வியாழக்கிழமை, பை கொட்டும் நாளில், கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று மேஜைமேல் வைத்தார். மறுநாள் காலை போனில், தானே எதிர்பாராத ஒரு நொடியில், "பாப்பா, மதிய மாத்திரையை மட்டும் மறுபடி போடச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"அப்படியா? டாக்டர் எனக்குச் சொல்லலையே?"

"சின்ன விஷயம்தானேன்னு விட்டிருப்பாங்க."

"சரிப்பா. மதியம் கூப்பிட்டு ஞாபகப்படுத்தறேன்."

கூப்பிட்டாள். "போட்டாச்சா?" என்றாள். பொய் சொல்வது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். தரை வழுக்கியது என்று ஒரு தடவை சொன்னதற்கே தானே உட்கார்ந்து தரையைத் தேய்த்தவர். மகளின் கேள்விக்குப் 'போட்டாச்சு' என்று சொல்லவேண்டுமானால் போட்டிருக்கவேண்டும். அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "போட்டாச்சு பாப்பா" என்று நிம்மதியாகச் சொன்னார். ஒரு மாத்திரை என்ன செய்துவிடும்? முன்னே ஒரு பை நிறைய விழுங்கியவர்தானே. பிறகு, எதிர்வீட்டுக்காரர் நாயைக் குளிப்பாட்டப்போய்த் தானே குளித்துவிட்டு வந்த கதையைச் சொன்னார். சிரித்தாள்.

அடுத்த பை கொட்டும் நாளில் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதை டாக்டரம்மா கவனித்துவிட்டாள். ரத்த அழுத்தம் மறுபடி இறங்கியிருந்தது. "காலை மாத்திரையையும் பாதியாக்கிடலாமா?" என்று வாத்தியாரைக் கேட்டாள்.

"அவசரப்படாதீங்க. அதைக் குறைச்சா இன்னும் என்னத்தைக் குறைக்கறது, ஆளையே கழிச்சிடலாம்" என்றார் அவர்.

டாக்டரம்மா முறைத்தாள். குனிந்து அவர் காலைப் பார்த்தாள். செருப்பு வார் பதிந்து ஒரு தடம் ஓடியிருந்தது. "போன தடவை இந்த வீக்கம் சுத்தமா இல்ல" என்றாள். "பிரஷரும் இறங்குது, காலும் வீங்குது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு எந்த ஆசாமி வந்தால் இந்த இரண்டும் சேர்ந்து வரும் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பிடிபட்டுவிட்டது. ஆனால் பெரியவரின் பையிலிருந்து விழுந்தது காலை மாத்திரை மட்டும்தான்.

"நான் வீட்டுப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரேன்" என்றார் வாத்தியார்.

வந்தவர் அலமாரியைக் குடையவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, எதிர்வீட்டு நாயைப் பற்றி விசாரித்தார். பெரியவருக்கு அன்றைக்குப் பேச்சு ஓடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், விருந்தாளியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க பெரியவரே."

எடுத்தார். மகளின் குரல் அந்தச் சின்னக் கூடத்தில் தெளிவாகக் கேட்டது. "அப்பா, மதிய மாத்திரை போட்டாச்சா?"

பெரியவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் டீ கிளாஸைப் பார்த்தார்.

"போடணும் பாப்பா. ஒருத்தர் வந்திருக்கார். அப்புறம் பேசறேன்." போனை வைத்துவிட்டு அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். ஓரிரண்டு மாத்திரைதான் மீதி இருந்தது.

"போனுக்காகவா?" என்றார் வாத்தியார்.

"மாத்திரை இருந்தாத்தானே தம்பி அவ கூப்பிடுவா."

வாத்தியார் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கித் துடைத்து மறுபடி நெற்றியிலேயே ஏற்றிக்கொண்டார். "நாங்க ரெண்டு பேரும் உங்களுக்கு நல்லது பண்ணோம்னு அன்னிக்கு டாக்டரம்மா எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க" என்றார். "அவங்க கஞ்சத்தனத்துக்கு அது பெரிய விஷயம். விடுங்க பெரியவரே, நான் உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன்."

"வேண்டாம்."

"தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"தப்பா எடுத்துக்க மாட்டா. அதான் வேண்டாங்கறேன். நீங்க சொன்னா உடனே கூப்பிடுவா. தினமும் கூப்பிடுவா. அலாரம் வெச்சுக் கூப்பிடுவா. அப்பாவுக்கு ஆள் இல்ல பாவம், பேசித் தொலைக்கணும்னு கூப்பிடுவா. கேட்டு வாங்கற போன் ஒரு போனா தம்பி? மாத்திரைன்னா அது கணக்கே வேற. அது அவ வேலை. நடுவுல நான் ரெண்டு வார்த்தை ஏத்திவிட்டுக்குவேன்."

"டாக்டரம்மாகிட்ட நான் மறைக்க முடியாது. மறைச்சா அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்து பிரயோஜனமே இல்ல."

"அவங்ககிட்ட சொல்லுங்க. பாப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

வாத்தியார் அட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். மகளிடம் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். டாக்டரம்மாவிடம் அன்றைக்கே சொன்னார். அவள் யோசித்துவிட்டு, "மதியத்துக்கு ஒரு சத்து மாத்திரை எழுதிடலாமா? கெடுதல் ஒண்ணும் பண்ணாது" என்றாளாம். "இல்லாத வியாதிக்கு எழுத ஆரம்பிச்சா அப்புறம் நாம ரெண்டு பேரும் எதுக்கு டாக்டர், பையைக் கொட்ட வேண்டாம், தெச்சு வெச்சுடலாம்" என்று அவர் குதித்தாராம். இதுதான் அவர்கள் போட்ட சண்டைகளிலேயே பெரியது என்று மருத்துவமனையில் சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் மாத்திரைக்குப் பதில், மதியம் ரத்த அழுத்தம் பார்த்து மகளிடம் போனில் சொல்லும்படி பெரியவரிடம் சொல்வது என்று முடிவாயிற்று.

அதைச் சொல்வதற்குள் காரியம் கை மீறிவிட்டது. உள்ளே போன மாத்திரை ஒரே நாளில் வெளியேறிவிடாது அல்லவா? மறுநாள் காலை பால் வாங்கிவரும்போது பெரியவர் வாசல் படியில் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் எதிர்வீட்டு அம்மாள் பதறிப்போய் மகளுக்குப் போன் செய்துவிட்டாள். சாயங்காலம் மகள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாள்.

அவளை டாக்டரம்மாவின் அறையில் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லவேண்டியிருந்தது. நிறுத்திய மாத்திரையை அவர் எடுத்திருக்கிறார் என்றாள் டாக்டரம்மா. தாங்கள் யாரும் மறுபடி போடச் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "போடச் சொன்னாங்கன்னு சொன்னீங்களேப்பா. நானே தினமும் கூப்பிட்டுப் போடச் சொல்லியிருக்கேனே. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? எதுக்குப்பா?"

டாக்டரம்மா பேனாவை மூடினாள். வாத்தியார் மேஜைமேல் இல்லாத ஒரு தூசியைத் தட்டினார்.

"மறதி" என்றார் பெரியவர். "நிறுத்தினது மறந்துபோச்சு பாப்பா."

"மறதின்னு எனக்குத் தோணல" என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "பேசறதுல, கணக்குல எல்லாம் ரொம்பத் தெளிவா இருக்கார். அவர் தனியா இருக்கறதையும் நாம யோசிக்கணும். நீங்க போன் பண்றது..."

"அதான் டாக்டர், என் போனை நம்பித்தானே தப்பு நடந்திருக்கு" என்றாள் மகள். "நான் அவசரத்துல கேக்கறேன், அவர் ஞாபகமில்லாம சொல்றார். இனிமே இது சரிப்படாது. நான் வேற ஏற்பாடு பண்றேன்."

வெளியே நடைபாதையில் வாத்தியார் பெரியவரின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "உங்களுக்குப் புத்தி இருக்கா? மறதின்னு நீங்களே பட்டம் கட்டிக்கறீங்களே."

"மறதின்னா வயசுக் கோளாறு தம்பி. யாருக்கும் வரும்."

"நான் வாக்குக் குடுத்துட்டேன், சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டுடுங்க. ஊருக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

மகள் இரண்டு நாள் இருந்தாள். இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அலமாரியைத் துடைத்தாள், திரைச்சீலையை மாற்றினாள், மளிகை வாங்கிப் போட்டாள், எதிர்வீட்டு அம்மாளிடம் ஒரு சாவி கொடுத்தாள். அவளோடு ஒரே வீட்டில் ஒரு முழு மதியத்துக்கு என்ன பேசுவது என்று அவருக்குத்தான் தெரியவில்லை. நாயைச் சொன்னார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "இதுவா? நல்லாத்தானே குரைக்குது" என்றாள்.

கிளம்புகிற அன்று காலை ஒரு பார்சல் வந்தது. அவளே பிரித்து, அவர் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்து, சுவரில் ஒயரைச் சொருகினாள். வெள்ளையாக, மூடி போட்ட ஒரு பெட்டி.

"இங்க பாருங்கப்பா. ஒரு மாசத்து மாத்திரையை உள்ள அடுக்கிட்டேன். நேரத்துக்கு இதுவே கூப்பிடும். நீங்க வந்து இதை அழுத்தினா அன்னிக்கு உண்டான மாத்திரை மட்டும் விழும். வேற எதுவும் எடுக்க முடியாது. எடுத்ததும் எனக்கு ஒரு மெசேஜ் வந்துடும். அழுத்துங்க, பாக்கலாம்."

அழுத்தினார். ஒரு மாத்திரை சின்னத் தட்டில் விழுந்தது. மகளின் கைப்பையில் போன் ஒரு முறை சிணுங்கியது.

"வந்துடுச்சு பாருங்க!" அவள் முகத்தில் வந்ததிலிருந்து இல்லாத வெளிச்சம். குனிந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே போட்டாச்சா போட்டாச்சான்னு தினமும் உங்களைப் பிடுங்கி எடுக்க மாட்டேன். நிம்மதியா இருங்க."

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் துணிப்பெட்டியை மூடி, ஜிப் சிக்கிக்கொள்ள அதை இழுத்துச் சரிசெய்தாள். சீப்பைத் தேடினாள். கண்ணாடி முன்னால் நின்று முடியை முடிந்தாள். பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மாடி ஏறி முடிந்து கதவு திறக்கப்போகிறது. கடைசி நொடியில் சொல்லிவிடுவது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் இதைச் சிரிக்கிறமாதிரி எப்படிச் சொல்வது என்று புரியவில்லை. சிரிக்காமலே கேட்டார்.

"பாப்பா, மாத்திரை போடறதுக்கு இல்லாம... சும்மா, எப்பவாவது கூப்பிடுவியா?"

அதே நேரத்தில் அவள் போன் அடித்தது. எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே வைத்து, "சொல்லுங்க சார், இதோ கிளம்பிட்டேன், வழியில பாத்துடறேன்" என்றாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் தண்ணீர் பாட்டில். நிலைப்படியில் அரைவாசி திரும்பி, அவரைப் பார்த்து, பாட்டிலோடு கையை உயர்த்தினாள். பெட்டி கதவில் ஒரு தரம் இடித்தது. போனில் பேசிக்கொண்டே அறையை விட்டுப் போனாள்.